நலன் என்பது யாருடைய சொல்?

குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படும் குழந்தைக்கு வழக்கறிஞர் வேண்டுமா? எந்தக் கருத்தரங்கில் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. அது நீதிமன்றம் இல்லை, குழந்தை குற்றம் எதுவும் செய்யவில்லை, எல்லோரும் அதன் நலனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், பிறகு எதற்கு வக்கீல்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்' என்பதை ஊரில் யார் யாரிடம் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று அறிந்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாக நம்பிவிட முடியாது.

முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவதற்கு முன் மூன்றாண்டுகள் வட மாவட்டம் ஒன்றில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனல் வழக்கறிஞராக இருந்தேன். சம்பளம் கிடையாது. வழக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. அதையும் பில் எழுதிக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்துதான் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் என்னோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறை வழக்கறிஞர்கள், அவர்களில் பாதிக்கு மேல் தலித்துகள். அப்பாவின் சேம்பரும் மாமாவின் கட்சிக்காரர்களும் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. ஏழைக் குழந்தைகளுக்கு ஏழை வழக்கறிஞர்கள் என்று அரசு திட்டமிட்டுச் செய்யவில்லைதான். ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு வந்தவை பெரும்பாலும் இளைஞர் நீதிக் குழும வழக்குகள். சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும் பிள்ளைக்குச் சட்ட உதவி கிடைப்பதைக் குழுமமே உறுதிசெய்ய வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் நிலை வேறு. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவுப்படி எந்தக் குழந்தைக்கும் இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. வருமானச் சான்று கூடத் தேவையில்லை. நலக் குழுவின் பணிப் பட்டியலிலும் குழந்தைக்குச் சட்ட உதவி பெற்றுத் தருவது ஒரு வரியாக இருக்கிறது. நான் பார்த்த மூன்றாண்டுகளில் அந்த வரி வரியாகவே இருந்தது. ஒருமுறை உள்ளே போனபோது, "இது வாதாடுற இடம் இல்லீங்க சார், வெளியே உட்காருங்க" என்றார்கள்.

அன்று வெளியே உட்கார்ந்திருந்த வழக்கையே சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனுக்கு 17 வயது, தலித். பெண்ணுக்கு 16, இடைநிலைச் சாதி. இருவரும் ஊரைவிட்டுப் போனார்கள், பிடிபட்டார்கள். பையன் மீது போக்சோ. கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். அவனுக்கு நான் வழக்கறிஞர். அந்தப் பெண்ணுக்கு யார்? போக்சோ வழக்கில் அவள் 'பாதிக்கப்பட்டவர்', ஆகவே அரசு வழக்கறிஞர் இருக்கிறார் என்பார்கள். அவர் அரசின் வழக்கறிஞர். அவள் பேச விரும்பியதற்கு நேர் எதிராகப் பேச வேண்டிய இடத்தில் இருப்பவர். தனக்கென வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் போக்சோவின் 40ஆம் பிரிவு வழி செய்கிறது. அதை அவளிடம் சொன்னவர் யாரும் இல்லை. நலக் குழுவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எதுவும் செய்ய மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். 'குழந்தையின் நலன் கருதி' என்று உத்தரவில் இருந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண் எந்த வக்கீலைத் தேடிப் போவாள்? படிப்பு நின்றது, 18 முடிந்த கையோடு திருமணம் நடந்தது. கொல்லப்படவில்லை என்பதையே நல்ல செய்தியாகச் சொல்ல வேண்டிய மாநிலத்தில் இருக்கிறோம்.

2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட சட்டமல்ல போக்சோ என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பைப் பையன்களுக்காக எடுத்துக்காட்ட முடிகிறது. நலக் குழுவில் நிற்கும் பெண்ணுக்காக அதை எடுத்துக்காட்ட ஆள் இல்லை.

குழு என்பது தலைவரும் நான்கு உறுப்பினர்களும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இன்னொருவர் குழந்தைகள் விவகாரங்களில் வல்லுநராக இருக்க வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. தலித் ஒருவர், பழங்குடியினர் ஒருவர் என்று எங்கும் சொல்லவில்லை. இந்த ஐவருக்கு நீதித்துறை நடுவரின் அதிகாரம் இருக்கிறது. அவர்கள் கையில் சமூக விசாரணை அறிக்கை ஒன்று இருக்கும். குடும்பத்தில் யார் மீதாவது வழக்கு உண்டா, வீடு எப்படி இருக்கிறது, வீட்டின் ஒழுக்கநெறி என்ன என்றெல்லாம் கேட்கும் படிவம் அது. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் காலனி வீட்டின் 'ஒழுக்கநெறி'யைப் பத்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டுப் போகும் அலுவலர் என்ன எழுதுவார்? நான் படித்த அறிக்கைகளில் 'சூழல் சரியில்லை' என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது. எந்தத் தெருவைப் பற்றி அது எழுதப்பட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அறிக்கையைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருவர் இருந்திருந்தால் அந்தச் சொற்றொடர் அத்தனை முறை வந்திருக்காது.

குடும்பத்தின் பிறப்பைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரித்தெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் 1897இல் செய்த திருத்தம், 4 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழி செய்தது. அதுவும் நலனின் பெயரால்தான்.

அமெரிக்காவில் குழந்தைக்கு வழக்கறிஞர் என்ற ஏற்பாடு பல மாநிலங்களில் உண்டு. அங்கும் அது தானாக வேலை செய்யவில்லை. அட்லாண்டா நகரம் உள்ள ஃபுல்டன் கவுண்டியில் ஒரு கட்டத்தில் நான்கே வழக்கறிஞர்கள். ஆளுக்கு 400க்கும் மேற்பட்ட குழந்தைகள். கென்னி ஏ. எதிர் பெர்டூ வழக்கில் 2005இல் நீதிமன்றம், இத்தகைய குழந்தைகளுக்கு வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு என்றது. எண்ணிக்கை குறைந்தது அதன் பிறகுதான். கறுப்பினக் குடும்பங்களைக் கண்காணிக்கும் இந்த அமைப்பைக் 'குடும்பங்கள் மீதான போலீஸ் வேலை' என்கிறார் சட்ட அறிஞர் டோரதி ராபர்ட்ஸ். பெயரளவுக்கு ஒரு வக்கீல், அவருக்குப் படிக்க நேரமில்லாத கோப்பு என்றால் அதனால் பயனில்லை. இதைப் பேனலில் இருந்த எவரும் சொல்வார்கள்.

குழந்தை சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. வீட்டுக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளான சிறுமி, அம்மா அழுகிறாள் என்பதற்காக வீட்டுக்கே போகிறேன் என்பாள். நலனை எடைபோடத்தான் குழு இருக்கிறது. அதே நலனை எடைபோட இன்னொருவர் தேவையில்லை. இவள் இதைக் கேட்கிறாள், இந்தக் காரணத்துக்காகக் கேட்கிறாள், மறுப்பதானால் காரணத்தை உத்தரவில் எழுதுங்கள் என்று சொல்லும் ஆள்தான் தேவை.

நம்மவர்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனும் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டபோது, வெட்டியவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற குரல் நம் பக்கத்திலிருந்தும் எழுந்தது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 16 வயதைக் கடந்தவர்களைப் பெரியவர்களாக விசாரிக்கலாம் என்னும் 15ஆம் பிரிவின் கதவு யார் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கும் என்று கூர்நோக்கு இல்லத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும். அந்த மாணவர்களுக்கும் வழக்கறிஞர் வேண்டும். அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்த சாதிக்கு எதிரான வழக்கு வேறு இடத்தில் நடத்தப்பட வேண்டியது.

நலக் குழுவில் நிறுத்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் அமர்விலேயே வழக்கறிஞர். வழக்குக்கு இவ்வளவு என்றில்லாமல் மாதச் சம்பளம், கையாளும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. இதற்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 110ஆம் பிரிவின்படி மாநில அரசே விதிகள் வகுக்கலாம். குழு உறுப்பினர்களையும் மாநில அரசுதான் நியமிக்கிறது. அடுத்த நியமன அறிவிப்பு வரும்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் தலித், பழங்குடியினர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்.