கடவுச்சீட்டும் கல்வெட்டும்

வடசென்னையில் ஒருவன் கடவுச்சீட்டு எடுத்துவிட்டான் என்றால் தெரு கேட்கும் முதல் கேள்வி, "எந்த நாட்டில் வேலை?" என்பதுதான். வெல்டிங் படித்தவன் துபாய்க்குப் போவான். கப்பல் வேலைக்குப் போனவன் மாதக்கணக்கில் கழித்து வருவான். வெளிநாடு என்றால் நமக்குச் சம்பளம், அவ்வளவுதான். சும்மா பார்த்துவரப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?" என்பார்கள். துறைமுகத்தின் வாசலிலேயே குடியிருக்கும் மக்கள், கடல் கடப்பதற்குக் கூலி ஒன்றையே காரணமாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் நம் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. பயணத்தைத் தொடங்கி வைத்த மண்ணுக்கா இந்தத் தயக்கம்?

2025 சூன் மாதம், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இலங்கையின் மிகிந்தலை மலைக்குப் போய்வந்தேன். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரத்துக்குப் பேருந்து. ஆன செலவு, நம் மாணவர் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியின் விலையைத் தாண்டவில்லை. அப்பா மட்டும், "மலையைப் பார்க்கத் திருத்தணி போதாதா?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்கு நேரில் சொல்ல வராத விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மிகிந்தலை, அநுராதபுரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகன் மகிந்தர், மான் வேட்டைக்கு வந்த தேவநம்பிய தீசன் என்னும் மன்னனை இம்மலையில்தான் சந்தித்தார் என்கிறது மகாவம்சம். மாமரம் ஒன்றைக் காட்டிச் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்டு மன்னனின் அறிவைச் சோதித்தாராம். (நம் வாய்மொழித் தேர்வுகளை விட அது எளிதாகவே இருந்திருக்கும்.) அந்தச் சந்திப்பின் நினைவாகத்தான் சூன் மாதப் பௌர்ணமியைப் பொசன் என்று கொண்டாடுகிறார்கள். நான் போனதும் அந்த நாளில்தான். 1,840 படிகளிலும் வெள்ளை உடை; தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வழியெல்லாம் 'தன்சல்' என்னும் அன்னதானப் பந்தல்கள். ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் தேநீர், இன்னொன்றில் ஐஸ்கிரீம். நான் சற்று ஒதுங்கியே நின்றேன். 1983 சூலையில் கொழும்பில் தமிழருக்கு நேர்ந்ததையும் படித்திருக்கிறேன். 1985 மே மாதம் இதே அநுராதபுரத்தில் சிங்கள மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் படித்திருக்கிறேன். வாயைத் திறந்தால் தமிழ் வருமே என்ற கூச்சம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, முதல்ல சாப்பிடுங்க. இன்னிக்கு யாரும் உங்களை எந்த ஊருன்னு கேட்டுச் சோறு போட மாட்டாங்க." அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அவன் துணையாகச் சேர்ந்துகொண்டான். பரிமாறிய மூதாட்டி அவன் வாயிலாக என் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டார். துறைமுகத்தில் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய கணவரும் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவராம். இன்னும் ஓர் அகப்பை சோறு விழுந்தது.

மேலே ஏறும்போது ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் இளைஞரும் எங்களோடு சேர்ந்தார். ஓராண்டு வேலையை விட்டுவிட்டு, மடம் மடமாகப் போய்க்கொண்டிருப்பவர். நேபாளத்து மலைகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். "இங்கே அமைதி இருக்கிறது" என்றார். மலைமீது மடம் என்றாலே இப்படிப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பிழைப்புக் கவலை இல்லாதவருக்கு அமைதி விரைவில் கிடைத்துவிடுகிறது போலும்! எனக்குக் கிடைத்தது கணக்குப் புத்தகம்.

ஆம், கணக்குப் புத்தகமேதான். துறவிகள் உணவுண்ட கூடத்துக்கு அருகே ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு கற்பலகைகள் நிற்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் மகிந்தன் வெட்டுவித்த சிங்களக் கல்வெட்டு அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை முன்னரே கன்னிமாரா நூலகத்தில் படித்திருந்தேன். துறவிகள் விடியலில் எழுந்து செய்யவேண்டியவை மட்டுமா அதில் இருக்கின்றன? மடத்தில் வேலை செய்தவர்களுக்கு, சமையற்காரர் உட்பட, என்ன படி, எவ்வளவு நிலம் என்பதெல்லாம் வகைவகையாக எழுதப்பட்டிருக்கிறது. அன்றாடச் செலவை ஏட்டில் பதிந்து பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கையும் துறவியர் கூட்டத்தின் நடுவே படித்துக் காட்டவேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு மலை உச்சியில்! மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டு மருத்துவமனையின் இடிபாடும், நோயாளியைப் படுக்கவைக்க மனித உருவில் குடைந்த கல் தொட்டியும் இருக்கின்றன. சம்பளச் சீட்டும் ஒப்பந்தக் கூலியும் நாள்தோறும் பேச்சாக இருக்கும் வீட்டிலிருந்து போனவனுக்கு, அந்தக் கற்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஜெர்மன் நண்பர் கேட்டார்: "உங்கள் ஊரில் இப்படி ஒரு மடம் உண்டா?"

உண்டு என்றேன். திருவொற்றியூரில் இருந்தது. தக்கோலப் போரில் 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அவனுடைய நண்பனான கேரளத்து வீரன் வல்லபன், தலைவனோடு தானும் உயிர்விடவில்லையே என்று வருந்தித் துறவு பூண்டான். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்வது, 959ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட திருவொற்றியூர்க் கல்வெட்டே. மிகிந்தலைப் பலகைகளுக்கும் அதற்கும் வயது ஏறத்தாழ ஒன்றுதான்! நண்பர் உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தேரடியில் நாள்தோறும் இறங்குகிறவர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

அப்பாவுக்கு என் விடை இதுதான்: திருத்தணி போதாது. தொலைவில் ஒருவர் கேட்டால்தான் சில சமயம் நம் ஊர் நமக்கு நினைவுக்கு வருகிறது. இன்னொன்றும் உண்டு. அநுராதபுரத்தில் கி.மு. காலத்துத் தமிழ் வணிகர் கூடிய இடத்தில் அவர்கள் இருக்கைகளில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒருவர் நாவிகர், அதாவது கப்பல் தலைவர். காசிமேட்டுப் பிள்ளைகள் அந்தக் கல்லின் முன் ஒருமுறையாவது நிற்கவேண்டாமா?

நம் கல்லூரி ஆண்டுதோறும் சுற்றுலா போகிறது. ஊட்டி, கொடைக்கானல் என்று. ஒரே ஓர் ஆண்டு அதை நிறுத்திவிட்டு, பத்துப் பேரையாவது ஆசிரியர் ஒருவருடன் நாகைக் கப்பலில் ஏற்றிவிடலாம். அதற்கு முன் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை ஒரு நாள் வரிசையாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். முதல் தடை கடவுச்சீட்டுதான் என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் ஆதார் அட்டையோடும் மாற்றுச் சான்றிதழோடும் வரலாம். மாலை நான்கு மணிக்கு மேல் நூலகத்தில், சன்னல் ஓர மேசையில் இருப்பேன்.