சட்டையில் இருந்த பெயர்

விளையாட்டுக் கழகம் ஒன்று குழந்தைகளுக்கான தொண்டு முயற்சியைக் கைவிடும்போது, ‘கொடுத்தது அவர்கள் பணம், நிறுத்துவதும் அவர்கள் இஷ்டம், கேட்க யாருக்கு உரிமை?’ என்ற பேச்சு தவறாமல் எழுகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழியும் துணைக்கு வந்துவிடும். இந்த நம்பிக்கை அடியோடு தவறு. கழகம் கொடுப்பதைத் தானம் என்று எண்ணுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

1899இல் பிறந்த பார்சிலோனா கால்பந்துக் கழகம், நூறாண்டுக்கு மேல் தன் சட்டையின் நெஞ்சுப் பகுதியை எந்த நிறுவனத்துக்கும் விற்கவில்லை. 2006 செப்டம்பரில் அந்தச் சிவப்பு, நீலக் கோடுகளின் மேல் மஞ்சள் எழுத்தில் ஐ.நா. குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் பெயர் ஏறியது. வழக்கத்துக்கு மாறாக, கழகமே ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ கொடுத்தது. சுவாசிலாந்தில் எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கு அந்தப் பணம் முதலில் போயிற்று. மெச்சத்தக்க செயல், சந்தேகமில்லை. ஆனால் கழகமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. சாதாரணக் கழகத்தைவிட மேலானது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அணிக்கு, எந்த விளம்பரச் செலவாலும் வாங்க முடியாத நற்பெயர் சேர்ந்தது. நெஞ்சில் எழுத்தைப் பார்த்து ரசிகர்களின் கண்ணும் பழகியது. 2011இல் அதே இடத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 3 கோடி யூரோ விலையில் கத்தார் அறக்கட்டளை வந்தது. யுனிசெஃப் முதுகுப் பக்கம், எண்ணுக்குக் கீழே போனது. 2022இல் அங்கிருந்தும் நீங்கி, ஐ.நா. அகதிகள் அமைப்புக்கு இடம்விட்டது.

அகதிகளுக்கு உதவுவதும் நற்பணியே. அவர்களிலும் குழந்தைகள் ஏராளம். எந்தக் கழகமும் ஒரே அமைப்போடு காலமெல்லாம் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. ஆனால் விலகும் விதத்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பதை ஏற்க முடியாது.

எச்.ஐ.வி. உள்ள குழந்தை மருந்தை நாள்தோறும் விழுங்கியாக வேண்டும். இடையில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். அப்படிப்பட்ட பணியில் செவிலியரை வேலைக்கு எடுப்பதும் மருந்துக்கு ஏற்பாடு செய்வதும், அடுத்த ஆண்டும் பணம் வரும் என்ற நம்பிக்கையில்தான். அணியை முன்வைத்து நிதி திரட்டும் ஒருநாள் விழாவும் இப்படி நம்பிக்கையில்தான் நடக்கிறது. அணியின் பெயரைப் பார்த்தே டிக்கெட் விற்கிறது, மற்ற நன்கொடையாளர்களும் வருகிறார்கள். அணி போனால் அதன் காசோலையோடு அவர்களும் போகக்கூடும்.

இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா 2008இல் தன் சட்டையின் முன்பக்கத்தைக் காசு வாங்காமல் ஏகார்ன்ஸ் என்ற அமைப்புக்குக் கொடுத்தது. ஆயுளைக் குறைக்கும் நோய்களோடு வாழும் பிள்ளைகளைப் பராமரித்து, பெற்றோருக்குச் சற்று ஓய்வும் தரும் இல்லங்களை பர்மிங்காம் வட்டாரத்தில் நடத்தும் அமைப்பு அது. 2010இல் அந்த இடம் பணம் தரும் நிறுவனத்துக்குப் போயிற்று. ஆனால் கழகத்தின் தொண்டுக் கூட்டாளியாக ஏகார்ன்ஸ் நீடித்தது. விளம்பர இடம் கைமாறினாலும் உறவை அறுக்கத் தேவையில்லை என்பதற்கு இது சான்று. விலகல் திடீர் அடியாக விழாமல் இருக்க, எத்தனை ஆண்டு ஆதரவு, விலகுவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், தொகை எப்படிப் படிப்படியாகக் குறையும் என்பவை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.