கூட்டுக் கணக்கும் வீட்டு இணைய இணைப்பும்

நம் நாட்டில் எந்த வங்கிக் கிளைக்குள் நுழைந்தாலும் சுவரில் சில எச்சரிக்கைகள் கண்ணில் படும். ஓடிபி எண்ணை எவரிடமும் கூறாதீர்கள். அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களைத் தொலைபேசியில் தெரிவிக்காதீர்கள். அறிமுகமற்றவர் அனுப்பும் லிங்குகளைத் திறக்காதீர்கள். இவை யாவும் தேவையானவையே. ஆயினும், வாடிக்கையாளர் தம் வீட்டிலிருந்து பணம் அனுப்பும்போது அந்த ஆணை எந்த வழியாக வங்கியை வந்தடைகிறது என்பதைப் பற்றி அச்சுவர்களில் ஒரு வரியேனும் காண்பது அரிது. கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலோ மாடிப்படியின் வளைவிலோ பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டர் என்னும் சிறு பெட்டியே அவ்வழியின் வாயில். லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்பதை நொடியில் சொல்லிவிடும் குடும்பத் தலைவரும், வைஃபை கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் சற்று யோசிக்கவே வேண்டியிருக்கும்.

ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஒன்று, வீட்டிலிருந்தே பணிபுரியும் மகனுக்கு ஒன்று எனத் தனித்தனி இணைப்பு வாங்குவது எவருக்கும் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஆனால் அப்பகிர்வை ஒரு கூட்டுக் கணக்குக்கு உரிய கவனத்துடன் நடத்த வேண்டும் என்பது நம் கருத்து. கூட்டுக் கணக்கில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் படிவம் உண்டு, புகைப்படம் உண்டு, அடையாளச் சான்று உண்டு. 'இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற நிபந்தனையில் திறந்த கணக்கில் ஒருவர் கையெழுத்திட்டு எடுத்த பணத்துக்கு மற்றவர் வந்து மறுப்புச் சொல்ல இயலாது. வீட்டு இணைப்பிலோ படிவமும் சான்றும் இல்லாமலே கூட்டாளிகள் சேர்ந்துகொண்டே போகிறார்கள்.

இந்நிலை புதிதாக ஏற்பட்டதே. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய காலத்தில் ஒரு தொலைபேசிக் கம்பி, ஒரு மோடம், ஒரு கணினி என்பதே வழக்கம். ஒருவர் இணையத்தில் இருந்தால் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பும் வராது. 1999இல் விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு இணைப்பைப் பகிரும் வசதியைத் தந்தது. அப்போதும் முதல் கணினி இயங்கிக்கொண்டிருந்தால்தான் இரண்டாவதற்கு இணையம் கிட்டும். 2004ஆம் ஆண்டின் தேசிய பிராட்பேண்ட் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தைப் போதுமானதாகக் கொண்டது. இன்றைய ஃபைபர் இணைப்பில் நான்கு கணினிகளும் ஆறு செல்பேசிகளும் ஒரு தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. யார் சேர்ந்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாமற்போனது இந்த வளர்ச்சியுடன்தான்.

ரூட்டர் செய்யும் வேலையை அஞ்சல் வழக்கத்தைக் கொண்டு விளக்கலாம். இணைய நிறுவனம் வீட்டுக்கு ஒரே ஒரு வெளி முகவரியைத் தருகிறது. வீட்டினுள் உள்ள ஒவ்வொரு கருவிக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை ரூட்டர் வழங்குகிறது. மகளின் மடிக்கணினியிலிருந்து புறப்படும் கோரிக்கை, வாசலைத் தாண்டும்போது வீட்டின் கதவிலக்கத்தைத் தாங்கியே செல்கிறது. பதில் வந்ததும் அது யாருக்குரியது என்பதை ரூட்டர் தன் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. வெளியுலகுக்கு அந்த வீட்டில் இருப்பவர் ஒருவரே. சில நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்தே ஒரு வெளி முகவரியைத் தருவதும் உண்டு. அங்கேயும் எந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரர் என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். சந்தாதாரர் வரைக்கும் தடம் தெளிவு. அவர் வீட்டுக்குள் யார் என்பது வெளியாருக்குத் தெரிவதில்லை.

இதன் விளைவை நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சற்று முன்னர் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. அது புறப்பட்ட முகவரியைத் தேடிச் சென்ற காவல்துறை, நவி மும்பையின் சான்பாடாவில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலை அடைந்தது. அவருடைய வைஃபை உரிய பாதுகாப்பின்றி இருந்ததைப் பிறர் பயன்படுத்திக்கொண்டதாகப் பின்னர் தெரியவந்தது. அதற்குள் அவர் விசாரணைக்கு உள்ளாகி, அவருடைய கணினிகளும் சோதனைக்குப் போயின. இதையடுத்து 2009இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்குமாறு இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. குற்றமற்றவர் குற்றமற்றவர் என்றே முடிவானது. ஆனால் அதை நிறுவும் வரையிலான அலைச்சல் முழுவதும் இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவருக்கே.

வங்கித் துறையில் இதே கேள்வி வேறொரு வடிவில் எழுகிறது. தாம் செய்யாத பரிவர்த்தனை நடந்துவிட்டதாக வாடிக்கையாளர் புகார் தரும்போது எவர் எவ்வளவு இழப்பை ஏற்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கையில் வகுத்தது. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அவர் வங்கிக்குத் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை. அவருடைய கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரைச் சேரும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் கடமையை அச்சுற்றறிக்கை வங்கியின் மீதே சுமத்தியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நாம் அதிகம் கவலை கொள்ளும் இடம் வருகிறது. ஐயத்துக்குரிய நுழைவுகளை அடையாளம் காண்பதற்கு வங்கிகள் பார்க்கும் பல குறிப்புகளில் இணைய முகவரியும் ஒன்று. நேற்றுவரை கோயம்புத்தூரிலிருந்து நுழைந்தவர் இன்று நள்ளிரவில் அயல்நாட்டு முகவரி ஒன்றிலிருந்து நுழைந்தால் அது உடனே கவனத்தை ஈர்க்கும். தவறான நுழைவு வாடிக்கையாளரின் வீட்டு முகவரியிலிருந்தே வருமாயின், அந்தக் குறிப்பு எதையும் சொல்லாது. பின்னர் ஆராயும்போதும், 'வழக்கமாக நுழையும் இடத்திலிருந்தே நுழைந்திருக்கிறார்' என்றே பதிவேடு காட்டும். கடவுச்சொல்லை அயலாருக்குக் கொடுக்கும்போது இணைய வேகத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாகவே நாம் எண்ணுகிறோம். நம் வீட்டு முகவரிக்கு உள்ள நற்பெயரையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

மிகைப்படுத்தலுக்கும் இடம்கொடுக்க நாம் விரும்பவில்லை. ஒரே வைஃபையில் இருப்பவர் நம் வங்கிக் கடவுச்சொல்லைக் காற்றிலேயே படித்துவிடுவார் என்று சில விளம்பரங்கள் அச்சுறுத்துகின்றன. வங்கித் தளத்துக்கும் நம் கணினிக்கும் இடையே செல்பவை முன்னரே மறையாக்கம் செய்யப்பட்டவை. பக்கத்து அறையிலிருப்பவரால் அவற்றை எளிதில் படிக்க இயலாது. ஆபத்து வேறு இரண்டு வழிகளில் நுழைகிறது.

முதலாவது, நோயுற்ற ஒரு கணினி தன் அண்டைக் கணினிகளுக்கும் அந்நோயைப் பரப்புவது. 2017 மே 12 முதல் உலகெங்கும் பரவிய வான்னாகிரை இதற்குச் சான்று. ஒரு வலையமைப்பில் ஒரு கணினியைப் பற்றிக்கொண்டதும், கோப்புகளைப் பகிரும் வசதியிலிருந்த ஓட்டை வழியாக மற்றக் கணினிகளுக்கு அது தானே தாவியது. எவரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவிக்கொள்ளாதவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். நம் வீடுகளில் தம்பியின் விளையாட்டுக் கணினியில் எங்கிருந்தோ இறக்கிய இலவசப் பிரதிகள் நிறைந்திருக்கும். அதே வலையில் உள்ள அப்பாவின் கணினியில், எல்லாருக்கும் திறந்துவைத்த ஒரு ஃபோல்டரில், ஆதார், பான், பாஸ்புக் ஆகியவற்றின் நகல்கள் இருக்கும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. பழைய கணினியை வீசிவிட வேண்டியதில்லை; ஆனால் அதைப் பணம் புழங்கும் கணினியுடன் ஒரே வலையில் வைப்பது தவறு.

இரண்டாவது வழி ரூட்டரையே கைப்பற்றுவது. நாம் தட்டச்சிடும் தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுச் சொல்லும் ஏற்பாடு ரூட்டரில் அமைந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டால், பெயரைச் சரியாக எழுதினாலும் போலித் தளத்துக்குப் போய்ச் சேருவோம். பிரேசிலில் 2011இல் ஏறத்தாழ 45 லட்சம் வீட்டு மோடம்கள் இவ்வாறு மாற்றப்பட்டன. வாடிக்கையாளர்களின் வங்கி விவரங்களைத் திருடுவதே நோக்கம். கணினியில் எத்தனை நல்ல வைரஸ் தடுப்பு இருந்தும் பயனில்லை, ஏனெனில் மாறியிருந்தது கணினியன்று. இத்தகைய வேளையில் உலாவி 'இத்தளத்தின் சான்றிதழ் நம்பத்தக்கதன்று' என்று எச்சரிக்கக்கூடும். அவசரத்தில் அதைக் கடந்து செல்பவர்கள் பலர்.

இணைப்பு அமைக்க வரும் பணியாளர் பெரும்பாலும் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் புன்னகைப்பார்கள். 'சார், பாஸ்வேர்டு என்ன வைக்கலாம்?' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வீட்டுக்காரரின் செல்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போவார். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த எண் அது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லோ தொழிற்சாலையிலிருந்து வந்த 'அட்மின்' என்பதாகவே நின்றுவிடுகிறது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முதலாவது வீட்டுக்குள் நுழையும் சாவி. இரண்டாவது பூட்டையே மாற்றும் உரிமை. இரண்டையும் அன்று மாலையே மாற்றிவிட வேண்டும். நான்கைந்து சொற்களைத் தொடர்பின்றிக் கோத்த நீண்ட கடவுச்சொல், குறியீடுகள் நிறைந்த குட்டைச் சொல்லைவிட நினைவிலும் நிற்கும், உடைப்பதற்கும் கடினம். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதையும், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ. 2ஐயும் தேர்ந்தெடுக்கலாம். வைஃபையின் பெயரை மறைத்துவைப்பதைச் சிலர் பெரிய காவலாகக் கருதுகின்றனர். தேடத் தெரிந்தவருக்கு அது ஒரு தடையே அன்று.

விருந்தினர் விஷயத்தில் நம் கருத்து சற்று மாறுபட்டது. 'எவருக்கும் வைஃபை கொடுக்காதீர்கள்' என்று அறிவுரை கூறுவோர் நம் வீடுகளை அறியாதவர்கள். ஊரிலிருந்து வந்த சித்தப்பா மகன் தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே கேட்பது வைஃபை கடவுச்சொல்லைத்தான். இல்லையென்று சொல்ல எவருக்கு மனம் வரும்? சொல்லவும் வேண்டியதில்லை. பெரும்பாலான புதிய ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வலை அமைக்கும் வசதி இருக்கிறது. அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கணினிகள் புலப்படா. அவ்வாறு பிரித்துவைக்கும் தேர்வு இயக்கத்தில் உள்ளதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டின் தொலைக்காட்சி, கண்காணிப்பு கேமரா, தம்பியின் விளையாட்டுக் கணினி ஆகியவற்றையும் இந்த வலைக்கே மாற்றிவிடுவது நன்று. கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் வணிகர்களுக்கு இது இன்னும் அவசியம். கணக்கு எழுதும் கணினியும் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யும் கணினியும் ஒரு வலையில். மற்ற யாவும் வேறொன்றில்.

மாடியில் குடியிருப்பவருடன் பாதிக் கட்டணத்துக்கு இணைப்பைப் பகிர்ந்துகொள்வதை மட்டும் நாம் ஆதரிக்க இயலாது. மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாவது உண்மை. ஆனால் இணைய நிறுவனங்களின் நிபந்தனைகள் பொதுவாக இணைப்பைச் சந்தாதாரரின் சொந்தப் பயன்பாட்டுக்கே அனுமதிக்கின்றன. பணம் பெற்றுக்கொண்டு பிறருக்குக் கொடுப்பது மறுவிற்பனை என்றாகிவிடும். அவர் வீட்டுக்கு யார் வருகிறார், என்ன செய்கிறார் என்பதை வீட்டுக்காரர் கேட்கவும் முடியாது, கேட்பது முறையும் ஆகாது. அறியவும் உரிமையில்லாத ஒருவரின் செயலுக்கு நம் கதவிலக்கத்தைக் கடன் கொடுப்பது ஜாமீன் கையெழுத்துக்கு ஒப்பானது. அத்தகைய கையெழுத்தால் நேர்ந்த இன்னல்களைக் கிளை மேசையின் இப்புறத்திலிருந்து நாம் போதுமான அளவு கண்டிருக்கிறோம். ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருப்பவர்கள், குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யும் அன்றே கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்வதற்கு நேரமில்லை அல்லது செய்துதர ஆளில்லை என்போர், வங்கி வேலையை மட்டுமேனும் செல்பேசியின் சொந்த டேட்டாவில் செய்துகொள்ளலாம். அதற்குச் செலவு அற்பம்.

எல்லாவற்றையும் மீறிக் கணக்கிலிருந்து பணம் போனதாகக் குறுஞ்செய்தி வந்தால், முதலில் வங்கிக்குத் தெரிவித்து இணைய வங்கிச் சேவையையும் அட்டையையும் முடக்கச் சொல்ல வேண்டும். உடனடியாக 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகாரைப் பதிய வேண்டும். பதற்றத்தில் ரூட்டரை மீட்டமைக்கவோ கணினியை அழித்துப் புதிதாக நிறுவவோ கூடாது. எந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற குறிப்பு ரூட்டரில் இருக்குமாயின், அதை அணைத்து இயக்கினாலே பெரும்பாலும் அழிந்துவிடும். ரூட்டரை அணைக்கும் முன் அதில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஐயத்துக்குரிய கணினியின் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, படத்துடனும் புகார் எண்ணுடனும் கிளைக்கு வந்து சேருங்கள்.