பஜ்ஜித் தாளில் ஒரு சாதிச் சான்றிதழ்

சென்ற வாரம் ஒரு மாலை நேரம். பாரிவாக்கம் சந்திப்பு அருகே தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கினேன். தின்று முடித்து, எண்ணெய் ஊறிய தாளைக் கசக்கிப் போடப் போனவன் அதில் அரசு முத்திரையைப் பார்த்து நிறுத்தினேன். அது ஒரு சாதிச் சான்றிதழின் ஜெராக்ஸ். மாணவியின் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர், சாதி எல்லாம் தெளிவாக இருந்தன. ஓரத்தில் பேனாவால் ஒரு கைப்பேசி எண்ணும் எழுதியிருந்தது.

“பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல வாங்குறதுதான் தம்பி. ஜெராக்ஸ் கடை பேப்பர், ஆபீஸ் பேப்பர் எல்லாம் கலந்து வரும். நான் எங்க படிச்சுப் பார்க்க?” என்றார் வண்டிக்கார அக்கா. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். முன்பின் தெரியாத ஓர் ஆண் அழைத்து, “உன் சாதிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது” என்றால் அந்தப் பெண் என்ன ஆவாள்? பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். ஒரு தாளைக் கொளுத்திவிட்டேன். அந்தக் கட்டில் இன்னும் எத்தனை இருந்தனவோ!

‘தனியுரிமை’ என்று பேச்செடுத்தால், அது ஆங்கிலம் பேசும் பணக்காரர்களின் கவலை என்று நம்மிலேயே பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. ஒரு பெயரும் ஊரும் வெளியே தெரிந்தால் வீடு கிடைக்காமல் போவதும், விடுதி அறையில் பேச்சு மாறுவதும் நமக்குத்தான் நடக்கிறது. அம்பேத்கர் மேல்படிப்பு முடித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேர்ந்தபோது, தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பதிவேட்டில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு ஒரு கூட்டம் அறை வாசலில் வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் வெளியேறச் சொன்னார்கள். கொலம்பியாவில் படித்துவந்த மனிதர் ஒரு பூங்காவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார். நூறாண்டுக்கு முன்பு அது விடுதிப் பதிவேடு. இன்று அது கணினியில் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

நம் பிள்ளைகள் போய்ச் சேரும் பெரிய கல்விக்கூடங்களிலும் கதை இதுதான். “உன் ரேங்க் என்ன?” என்ற கேள்விக்கு உள்ளே, “நீ எந்தக் கோட்டா?” என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. மும்பை ஐஐடி 2023-இல் தன் மாணவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், சக மாணவரின் நுழைவுத் தேர்வு ரேங்கைக் கேட்பது முறையல்ல என்று எழுத வேண்டி வந்தது. ரேங்க்கூடச் சாதியைக் காட்டிக் கொடுக்கும் எண்ணாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகச் சொன்னது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் கொடுத்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும், சாதியும் பழங்குடி அடையாளமும் கூடுதல் காவல் தேவைப்படும் ‘உணர்திறன் மிக்க’ தகவல்களின் பட்டியலில் இருந்தன. ஆனால் கடைசியில் நிறைவேறிய 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. உங்கள் சாதியும், நீங்கள் இணையத்தில் வாங்கிய செருப்பின் அளவும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். அதுமட்டுமல்ல, கணினியில் ஏறிய தகவலுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். பஜ்ஜித் தாளுக்குப் பொருந்தாது.

இதைவிடப் பெரிய அடி வேறிடத்தில் விழுந்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பர் 14 அன்று வெளிவந்தன. நம்மிடம் ஒப்புதல் கேட்க வேண்டும், தகவல் கசிந்தால் நமக்குச் சொல்ல வேண்டும் என்று நிறுவனங்கள்மேல் விதித்த கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உடனடியாக நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் ஒன்று 44(3). அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. கம்பெனிக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம், குடிமகனின் உரிமையை வெட்ட ஒரு நாள்கூட அவகாசமில்லை!

பழைய பிரிவில் என்ன இருந்தது? பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை அதிகாரி மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது. இப்போது அந்த நிபந்தனைகள் போய்விட்டன. ‘தனிப்பட்ட தகவல் தொடர்பானது’ என்ற ஒரே சொல்லில் மனுவைத் திருப்பி அனுப்பலாம்.

இது நமக்கு ஏன் வலிக்கிறது என்பதைப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பேரில், 1892-இல் பஞ்சமி நிலம் கொடுக்க ஆணை பிறந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் இன்று யார் கையில்? ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சென்ட் விலை ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் இதைவிட முக்கியமான கேள்வி நமக்கு இல்லை. பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அதன்பின் வந்த தலைமுறை பத்து ரூபாய் வில்லை ஒட்டிய மனுவோடு தாலுகா அலுவலகப் படியேறிக் கேட்டது. யாருக்கு ஒப்படை, யார் பெயருக்குப் பட்டா மாறியது என்பதெல்லாம் பெயர்கள்தானே? பெயர் ‘தனிப்பட்ட தகவல்’ என்றால் பதில் எங்கிருந்து வரும்?

தகவல் உரிமைச் சட்டமே பெயர்களைச் சத்தமாக வாசித்ததால் பிறந்தது. 1994 முதல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணைகளில், கூலிப் பட்டியலை ஊர் நடுவே படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலும், செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. பெயரை மறைத்திருந்தால் திருடன் தப்பியிருப்பான்.

“சாதிச் சான்றிதழை மறை என்கிறாய், பட்டா விவரத்தைத் திற என்கிறாய். இது என்ன இரட்டை நாக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இதில் இரட்டை நாக்கு இல்லை. பொதுப் பணமும், பொது நிலமும், பொதுப் பதவியும் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரு மாணவியின் சாதியும் கைப்பேசி எண்ணும் கைரேகையும் அவளுடையவை. இன்று நடப்பது தலைகீழ். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் முகத்தை நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவதை 2023 சனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். அதே அம்மா நிலத்தைப் பற்றிக் கேட்டால் கதவு சாத்தப்படுகிறது.

கூலியை எண்ணும் செயலிக்கும் இதே நியாயம்தான். மக்கள் பணத்தில் எழுதிய மென்பொருளின் மூலநிரல் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். எழுதிய நிரலை எவரும் படித்துப் பிழை காட்ட முடிவதற்குத்தான் ‘திறந்த மூலம்’ என்று பெயர். கொரோனா காலத்து ஆரோக்கிய சேது செயலியின் நிரலை 2020 மே மாதம் மத்திய அரசே வெளியிட்டது. அதற்கும் முன்பே நம் எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் லினக்ஸைக் கொண்டுவந்து காட்டினார். ஆக, முடியாது என்பது பொய். நம் தெருவிலேயே பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். திறந்து வைத்தால் ஒரு நாள் கூலி எங்கே தொலைந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அதுவரை கைகட்டி உட்கார வேண்டாம். மாணவர்களே, ஜெராக்ஸ் கொடுக்கும்போது தாளின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கெட்டுப்போன நகலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமா என்று கேளுங்கள். இணையவழிச் சான்றிதழைக் கணினியிலேயே சரிபார்க்க முடியும். பிறகு ஏன் மூன்று நகல் என்று கல்லூரி அலுவலகத்தில் மரியாதையாகக் கேளுங்கள்.

தகவல் மனு எழுதும் தோழர்களே, 8(2) பிரிவு இன்னும் சாகவில்லை. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதானால் தகவலைக் கொடுக்கலாம் என்கிறது அது. அந்தப் பிரிவையும், மானியப் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிடச் சொல்லும் 4(1)(பி) பிரிவையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். சனவரி 26 கிராமசபையில் அவரவர் ஊரில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: பழைய 8(1)(ஜே) திரும்ப வேண்டும், சாதித் தகவலுக்குத் தனிக் காவல் வேண்டும்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. எழுத மாட்டேன். ஆனால் அவள் பாட்டனாருக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே போனது என்று ஒருநாள் அவள் கேட்டால், அதற்கு எழுத்தில் பதில் வந்தாக வேண்டும்.