கட்டிய காற்றே காக்கும்!

ஐப்பசி, கார்த்திகை என்றாலே அடைமழை. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூவிருந்தவல்லி என ஏரிகளின் நடுவே வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரைத் தெருக்களில் மீனவர் படகுகள் சென்று மக்களை மீட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் படகுகள் ஓடின. ஆகவே படகு என்பது கடற்கரை மக்களுக்கு மட்டும் உரியது அன்று. அது மூழ்காதிருக்கும் வழியை மாணவியராகிய நாமும் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நோவா தம் பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசினார் என்று விவிலியத்தில் படிக்கிறோம். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அவர் வழி. ஆனால் பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் ஆற்றில் கனூ என்னும் திறந்த துடுப்புப் படகைச் செலுத்துவோர் தண்ணீரைத் தடுக்க முடியாது. அலை மேலேறி உள்ளே விழும். 300 லிட்டர் புகுந்தால் 300 கிலோ எடை அல்லவா? அப்படகு தாழ்ந்து, திருப்ப இயலாமல், பாறையில் மோதும். எனவே அவர்கள் வேறொரு வழி கண்டனர். தண்ணீர் நிற்கக்கூடிய இடத்தைக் காற்றுப் பைகளால் முன்னமே நிரப்பிவிடுகின்றனர். காற்று இருக்கும் இடத்தில் தண்ணீருக்கு இடம் ஏது? ஆர்க்கிமிடீசின் தத்துவப்படி, நீரில் முழுதும் அமிழ்ந்த 60 லிட்டர் பை ஏறத்தாழ 60 கிலோவைத் தாங்கும்.

இது நமக்குப் புதியதும் அன்று. கட்டுமரத்தின் மேல் அலை எழுந்து விழுந்தாலும் அது மூழ்குவதில்லை. தண்ணீர் தேங்க அதில் குழி இல்லை, மரமே மிதவை. அதன் பெயரிலேயே 'கட்டு' இருப்பதைக் கவனியுங்கள். கட்டு அவிழ்ந்தால் அது வெறும் மரம்.

பையைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது வடிவம். படகின் இரு முனைகளும் குறுகியவை. அவற்றுக்குக் கூம்பு போன்ற பைகளே பொருந்தும். இடத்தைவிடப் பை சிறியதானால், மீதி இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது எண்ணிக்கை. ஒரு முனையில் மட்டும் பை வைத்தால் மறுமுனை அமிழ்ந்து, படகு செங்குத்தாக நிற்கும். ஆகவே இரு முனைக்கும் வேண்டும். மூன்றாவது பொருள். வினைல் பை விலை மலிவு. பூச்சிட்ட நைலான் பை இலேசானது, உராய்வையும் நன்கு தாங்கும். தெர்மோகோல் போதாதா எனச் சிலர் கேட்கலாம். அது உதிரும், பெட்ரோல் பட்டால் கரைந்தும் போகும். இயந்திரப் படகில் அதை நம்பலாமா?

தேர்ந்தெடுப்பதைவிடப் பொருத்துவதே பெரிது. சும்மா வைத்த பை, தண்ணீர் புகுந்தவுடன் தான் மட்டும் மிதந்து வெளியே போய்விடும், படகு மூழ்கும்! எனவே படகின் இரு விளிம்புகளிலும் துளையிட்டு, கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல் பையின் மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு பின்ன வேண்டும். அதற்கு மேல் நடுவில் ஒரு பட்டை வார். பையின் நுனியையும் படகோடு பிணைக்க வேண்டும். கயிறு தொய்ந்திருந்தால் கால் சிக்கிக்கொள்ளும். விறைப்பாக இருத்தல் அவசியம். வெயிலில் காற்று விரிந்து பை வெடிக்கலாம். ஆகவே கரையில் நிற்கும்போது சற்றுத் தளர்த்திவிட வேண்டும். குளிர்ந்த நீரில் காற்று சுருங்கும். இறங்கிய பின் மீண்டும் ஊத வேண்டும்.

"நாம் என்ன மலையாற்றிலா படகு விடப்போகிறோம்?" என்று கேட்பவர் உண்டு. தெருவில் வெள்ளம் பாயும்போது மதிற்சுவரும் மின்கம்பமுமே பாறைகள். அந்நேரத்தில் நம்மவர் கைக்குக் கிடைப்பவை வாழைமரம், காலி டிரம், லாரி டியூப். இவையும் மிதவைகள்தாம். இவற்றை அவசரத்தில் தளர்வாகக் கட்டுவதோ கட்டாமலே விடுவதோதான் ஆபத்து. மூடி இறுகிய டிரம்மும், காற்றுக் கசியாத டியூபும், உறுதியான முடிச்சும் இருந்தால் பெருஞ்செலவு ஏது? ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பை காப்பது படகை. ஆளைக் காப்பது உடலில் அணியும் மிதவைச் சட்டை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

எனவே பெரியோரிடம் எனது பணிவான வேண்டுகோள் இரண்டு. வெள்ள மீட்புக்கென நம் பகுதியில் வைக்கப்படும் படகுகளுக்கு இருமுனை மிதவை இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன், புரட்டாசியிலேயே, பையை ஊதி ஓர் இரவு வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சாரணியர் வகுப்பில் நாம் முடிச்சுகள் கற்கிறோம். அம்முடிச்சுகளால் ஒரு டிரம்மைச் சட்டத்தில் பிணைக்கவும் கற்பிக்கலாமே! பெண்களுக்கு எதற்கு இது என்று வெள்ளம் கேட்பதில்லை.

தோழியரே, காற்று எங்கும் இலவசம். அதை அடைத்து, கட்டி வைக்கும் பொறுப்பு மட்டுமே நம்முடையது. மழை வருமுன் கயிற்றைக் கையில் எடுப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி