நாய்க்குட்டியின் முதற் பன்னிரண்டு வாரங்கள்

தெருநாய்களைப் பற்றிய விவாதங்களில் வளர்ந்த நாயே எப்பொழுதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது. அதனைப் பிடிப்பதா, விடுவதா, எங்கே அடைப்பது என்பனவே வினாக்கள். கடிக்கும் நாய் எவ்வாறு உருவாகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த விஞ்ஞானிகள் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் 15 மாநிலங்களில் ஆய்வு நடத்தினர். நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 லட்சம் பிராணிக் கடிகள் நேர்கின்றன என்றும், வெறிநாய்க்கடி நோயால் ஏறத்தாழ 5,700 பேர் மடிகின்றனர் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். அக்கடிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை நாய்க்கடிகளே. ஆதலின் நாயின் இளமைப் பருவத்தைப் பற்றி அறிவது செல்லப்பிராணி வளர்ப்போரின் பொழுதுபோக்கு அன்று; ஊரின் நலத்தைப் பற்றிய காரியமாகும்.

சுமார் 63 நாட்கள் தாய் வயிற்றில் வளர்ந்து பிறக்கும் குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். வெப்பம், தொடுவுணர்வு, மோப்பம் ஆகியவற்றைக் கொண்டே அது தாயின் மடியைக் கண்டடைகிறது. இரண்டாவது வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாவது வாரத்தில் செவி கேட்கத் தொடங்குகிறது. அப்பொழுதுதான் குட்டி உலகத்தை முதன்முதலாகச் சந்திக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையிலான இக்காலத்தைப் ‘பழகும் பருவம்’ என்று கூறலாம். யார் நண்பர், எது அஞ்சத்தக்கது, எதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற பாகுபாடுகள் இப்பருவத்தில் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சிச் சாலையில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்து, 1965-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். அங்கேயே பிரீட்மன், கிங், எலியட் ஆகியோர் செய்து 1961-இல் வெளியிட்ட சோதனை மிகவும் தெளிவானது. உயர்ந்த வேலியிட்ட வெளியில், மனிதரோடு உறவாடாதபடி குட்டிகள் வளர்க்கப்பட்டன. சில குட்டிகளை வெவ்வேறு வயதில் வெளியே கொணர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டனர். பதினான்கு வாரம் வரை மனிதர் உறவே இல்லாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல அஞ்சி ஓடின. பின்னர் அவற்றைப் பழக்குவது அரிதாயிற்று. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது மக்களைக் குறித்த பழமொழி. நாயைப் பொறுத்தவரை ஆண்டுக்குப் பதிலாக வாரத்தை வைத்து எண்ணவேண்டும்.

இப்பருவத்தில் குட்டிக்கு இரு பள்ளிகள் உண்டு. முதலாவது, தாயும் உடன்பிறந்த குட்டிகளும். விளையாட்டில் ஒரு குட்டி அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிக் கொள்கிறது, விளையாட்டு நின்றுவிடுகிறது. எவ்வளவு கடிக்கலாம் என்னும் அளவைக் குட்டி இவ்வாறே கற்கிறது. இரண்டாவது பள்ளி மனிதர். அன்பாகத் தொடும் கை, பலவகைக் குரல்கள், குழந்தைகளின் ஓட்டம், வண்டிகளின் ஓசை ஆகியவை இதன் பாடங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கல்வி குறையுடையதே.

இங்கேதான் நம் வழக்கங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் போன்ற ஊர்களில் மாந்தோப்புக்கும் கடலைக் கொல்லைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாயே காவல். கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்துச் செல்லும் பழக்கம் கிராமங்களில் காணப்படுவதே. அக்குட்டி தாய்ப்பாலை இழப்பதோடு முதற் பள்ளியையும் இழக்கிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அயலாரைக் காணாது வளர்ந்தால் நல்ல காவல்நாயாகும் என்று எண்ணி, குட்டியைத் தோப்பில் சங்கிலியால் கட்டிவிடுகின்றனர். இது காவலன்று, அச்சமாகும். அஞ்சிய நாய் திருடனையும் தபால்காரரையும் பள்ளிச் சிறுவனையும் ஒன்றாகவே கருதும். எட்டு வாரம் வரை குட்டியைத் தாயுடன் விட்டுவைத்து, அதை வளர்க்கப் போகிறவர் நாள்தோறும் வந்து பழகுவதே சிறந்த முறை என்பது எம் கருத்து.

தெருவிற் பிறக்கும் குட்டிகளின் நிலை வேறு. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ரா குழுவினர் மேற்கு வங்காளத்தில் ஐந்தாண்டுகள் 364 குட்டிகளைக் கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். இனப்பெருக்க வயதை எட்டியவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறந்தவற்றுள் நூற்றுக்கு 63 மனிதர் காரணமாக மாண்டன. கல்லெறிக்கும் சக்கரத்துக்கும் தப்பிய குட்டி, பழகும் பருவத்திலேயே மனிதரைப் பகைவராகக் கண்டிருக்குமானால், பின்னர் அதன் சீற்றத்தைக் கண்டு வியப்பதற்கு இடமில்லை.

குட்டிகளோடு பழகினால் நோய் வருமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குட்டிக்கும் வெறிநோய் வரக்கூடும். அதன் சிறு கீறலையும் அலட்சியம் செய்யலாகாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ப்புக் குட்டிக்குப் பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசிகளை ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கி, மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது முறை. அதுவரை அதனைக் குப்பைமேட்டில் திரியவிடாமல், வீட்டு முற்றத்திலேயே பலரோடும் பழக்கலாம். தடுப்பூசி முடியட்டும் என்று மூன்று மாதம் இருட்டறையில் அடைத்து வைத்தால் நோய் தப்பும். பழகும் பருவமும் தப்பிவிடும்.

2023-ஆம் ஆண்டின் பிராணிக் கருத்தடை விதிகள் தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்துள்ளன. இது இன்றியமையாதது, பேணுவாரற்ற குட்டிகள் பிறப்பதைத் தடுக்காமல் வேறு எதைச் செய்தாலும் பயன் சிறிதே. ஆயினும் பிறந்துவிட்ட குட்டியை எவ்வாறு வளர்ப்பது என்பதை விதியால் கற்பிக்க இயலாது. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்து வருகிறது. 2005-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அமைந்தது. இத்தகைய அறிவுநிலையத்துக்கு அண்மையிலுள்ள கிராமங்களில், தடுப்பூசி முகாம் நடக்கும் நாளன்றே பள்ளிப் பிள்ளைகளுக்கு நாயின் பருவங்களைப் பற்றி அரைமணி நேரம் எடுத்துரைத்தால் என்ன? உறங்கும் நாயையும் குட்டியோடுள்ள தாயையும் நெருங்கலாகாது, குட்டியைக் கல்லால் அடிக்கலாகாது என்பவற்றை அவர்கள் வீட்டுக்குக் கொண்டு செல்வர். இதற்குப் புதிய செலவு ஒன்றுமில்லை. இன்று வைக்கோற்போரின் அடியில் கண் திறக்கும் குட்டி, அடுத்த ஆண்டு அதே தெருவில் நம் பிள்ளைகளை எதிர்கொள்ளப் போகும் நாய். அதற்குள் அது எதைக் கற்றிருக்கும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் உள்ளது.