சுக்கான் பிடிப்பவரின் உறக்கம்: அமெரிக்க நதிகளில் தள்ளுபடகுப் பணிநேரம் குறித்த நிலைப்பாடு

மேல் மிசிசிப்பி நதியில் ஒரு தள்ளுபடகு வழக்கமாக 15 பார்ஜுகளை, அதாவது எந்திரமற்ற சரக்கு மிதவைகளை, தள்ளிச் செல்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பார்ஜ் என அடுக்கி, எஃகு வடங்களால் முறுக்கிக் கட்டி, ஒரே உடலாக்கி ஓட்டுகிறார்கள். ஒரு பார்ஜின் நீளம் 195 அடி, அகலம் 35 அடி. அதில் ஏறத்தாழ 1,500 அமெரிக்க டன் சோளமோ சோயா மொச்சையோ நிலக்கரியோ ஏறும். கட்டி முடித்த தொடரின் நீளம் 975 அடி, அகலம் 105 அடி. அது நுழைய வேண்டிய நீர்ப்பூட்டின், அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் கதவிட்ட தொட்டியின், அகலம் 110 அடி. பக்கத்துக்கு இரண்டரை அடிதான் மிச்சம். பின்கோடியில் சுக்கான் அறையில் இருப்பவருக்குத் தொடரின் முன்விளிம்பு ஆயிரம் அடி தள்ளி இருக்கிறது. அங்கே நிற்கும் தளப்பணியாளர் சுவருக்கும் பார்ஜுக்கும் உள்ள இடைவெளியை ரேடியோவில் சொல்லிக்கொண்டே வர, அந்தக் குரலை நம்பித்தான் அவர் ஓட்டுகிறார். நீரோட்டத்தோடு இறங்கிவரும் நிறை தொடரை நிறுத்த ஒரு மைலுக்கு மேல் தேவைப்படலாம். செயின்ட் லூயிஸுக்குக் கீழே நீர்ப்பூட்டுகள் முடிந்து நதி அகலும்போது தொடரும் பெருக்கிறது. அங்கே 30, 40 பார்ஜுகளை ஒரே படகு தள்ளுவது அன்றாடக் காட்சி.

இந்த எடையை இரவும் பகலும் ஓட்டுபவர்கள் இருவர்: கேப்டன் ஒருவர், பைலட் ஒருவர். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, மீண்டும் ஆறு, மீண்டும் ஆறு. கேப்டனுக்குக் காலை 6 முதல் 12 வரையும் மாலை 6 முதல் நள்ளிரவு வரையும் வேலை. எஞ்சிய இரண்டு ஆறும் பைலட்டுடையவை. படகில் ஏறினால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு நாளும் விடாமல் இதே சுழற்சிதான். தலைமுறைகளாக நதியின் வழக்கம் இது.

இந்த வழக்கத்தைச் சட்டம் மாற்ற வேண்டும் என்பதே இதை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. இரவிலும் ஓடும் ஒவ்வொரு தள்ளுபடகிலும், சுக்கான் பிடிப்பவருக்கு ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் குறைந்தது எட்டு மணி நேரத் தொடர் ஓய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். இதைச் செய்யும் அதிகாரம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கையில் 2004 முதல் இருக்கிறது. பயன்படுத்தப்படாமல் இருக்கிறது.

இப்போதுள்ள சட்டம் சொல்வது மிகக் குறைவு. உரிமம் பெற்ற ஒருவர், அவசரநிலை தவிர, தொடர்ச்சியான 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளுபடகை ஓட்டக் கூடாது. எஞ்சும் 12 மணி நேர ஓய்வு எப்படித் துண்டுபட வேண்டும், எவ்வளவு நேரம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றி அந்த வரம்பு எதுவும் சொல்வதில்லை. அதே நாட்டில் சாலையில் ஓடும் சரக்கு லாரி ஓட்டுநர் பத்து மணி நேரம் தொடர்ந்து பணியிலிருந்து விலகியிருந்த பிறகே வண்டியை எடுக்கலாம்; அதற்குப் பின் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். ரயில் பணியாளருக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் பத்து மணி நேரத் தொடர் ஓய்வைத் தந்தது, அந்த நேரத்தில் நிர்வாகம் அவரைத் தொலைபேசியில்கூடத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற காப்போடு. பயணிகள் விமான பைலட்டுகளுக்கு 2014 முதல் பத்து மணி நேர ஓய்வும் அதற்குள் எட்டு மணி நேரம் தடையின்றி உறங்கும் வாய்ப்பும் உண்டு. ஒரு பார்ஜில் ஏறும் சரக்கை ஏற்ற ஏறக்குறைய அறுபது லாரிகள் வேண்டும். அறுபது ஓட்டுநர்களுக்கும் பொருந்தும் விதி, அத்தகைய 15 பார்ஜுகளை ஒன்றாகத் தள்ளும் ஒருவருக்குப் பொருந்தாது என்பதற்கு நியாயம் காண முடியவில்லை.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1989இலேயே எல்லாப் போக்குவரத்துத் துறைகளிலும் களைப்பைப் பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டது. 1999இல், பணிநேர விதிகள் உறக்க அறிவியலின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று கடலோரக் காவல்படையிடமே நேரடியாகச் சொன்னது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் இரண்டு காரியங்களைச் செய்தது: தள்ளுபடகுகளை அரசு ஆய்வுக்கு உட்பட்ட கலங்களாக்கியது, அவற்றில் பணிபுரிவோரின் அதிகபட்ச வேலை நேரத்தை வரையறுக்கும் அதிகாரத்தையும் தந்தது. முதலாவது நிறைவேறியது. 2011இல் வரைவு விதிகள் வந்தன; பணிநேரம் பற்றியும் அப்போது கருத்துக் கேட்கப்பட்டது. 2016 ஜூனில் ‘சப்சாப்டர் எம்’ என்ற பெயரில் இறுதி விதிகள் வெளியாயின. 2022 ஜூலைக்குள் ஆய்வுச் சான்றிதழ் பெறும் கட்டங்கள் முடிந்தன. படகின் உடல், எந்திரம், தீயணைப்பு, பயிற்சி, பாதுகாப்பு மேலாண்மை எல்லாம் அவற்றில் உண்டு. பணிநேரம் மட்டும் இல்லை. படகைச் சீர்செய்ததில் அந்த விதிகள் பெரிய முன்னேற்றம் என்பதை இவ்வமைப்பு மனமார ஏற்கிறது. ஓட்டுபவரைப் பற்றிய பாதி இன்னும் எழுதப்படவில்லை.

ஆறு மணி நேர ஓய்வு என்பது ஆறு மணி நேர உறக்கம் அல்ல. பணி மாறும்போது நதியின் நிலை, எதிர்வரும் தொடர்கள், கட்டுகளின் நிலை பற்றி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டே கீழே இறங்க முடியும். சாப்பாடு, குளியல், வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கேப்டன் என்றால் பதிவேடுகளும் நிறுவனத்துடனான பேச்சும். பிறகு படுக்கை. அடுத்த முறைக்கு அரை மணி முன்பே எழ வேண்டும். இடையில் எஞ்சுவது நான்கு மணி நேரம், சில நாள்களில் ஐந்து. அதுவும் பல்லாயிரம் குதிரைத்திறன் எந்திரங்களின் அதிர்வுக்கு மேலே, பக்கத்துப் பார்ஜ் உராயும் சத்தத்துக்கு நடுவே. இரண்டு ஓய்விலும் உறங்கினால் கூட்டுத்தொகை போதுமானதாகத் தோன்றலாம். ஆனால் மனித உடல் எல்லா நேரத்திலும் ஒரேபோல் உறங்குவதில்லை. நண்பகல் முதல் மாலை 6 மணி வரையும், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரையும் பணிபுரியும் பைலட்டுக்கு, உடல் விழித்தெழும் காலை வேளையில் ஓர் உறக்கம். இரவின் ஆழத்துக்குள் போகும் முன்பே கலைக்கப்படும் முன்னிரவு உறக்கம் மற்றொன்று. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், விழிப்பு மிகத் தாழும் நேரத்தில், அவர் சுக்கான் அறையில் தனியாக இருக்கிறார்.

கடற்பயணத்தில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு 2009 முதல் 2012 வரை நடந்த ‘ஹொரைசன்’ ஆய்வு, கப்பல் அதிகாரிகளைப் பாவனைக் கலங்களில் நாள்கணக்கில் பணிபுரியச் செய்தது. ஆறுக்கு ஆறு முறையில் இருந்தவர்கள், நான்கு மணி வேலைக்கு எட்டு மணி ஓய்வு பெற்றவர்களைவிடக் களைத்திருந்தார்கள். பணியிலேயே உறங்கிப்போனவர்களும் இருந்தார்கள். ரைன் நதியில் நாளுக்கு 14 மணி நேரம் வரை ஓடி நிற்கும் கலத்தின் பணியாளருக்கு எட்டு மணி நேரத் தொடர் ஓய்வு உண்டு; இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டுமானால் கூடுதல் ஆட்களை ஏற்ற வேண்டும். உள்நாட்டு நதிப் போக்குவரத்து இந்த விதிகளோடுதான் அங்கே தழைத்து நிற்கிறது.

சுக்கான் அறையில் தனித்திருக்கும் ஒருவரின் தவறு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1993 செப்டம்பர் 22 அதிகாலை, அலபாமாவின் மொபைல் நகரருகே அடர்ந்த மூடுபனியில் ‘மாவில்லா’ என்ற தள்ளுபடகு வழி தவறிப் பிக் பேயூ கேனட் ஓடைக்குள் நுழைந்தது. அது தள்ளிவந்த பார்ஜ் தொடர் ரயில் பாலத்தில் மோதி, அதன் பகுதியை மூன்றடி அளவுக்கு நகர்த்தியது. சில நிமிடங்களில் ‘சன்செட் லிமிடெட்’ ரயில் வந்தது. 47 பேர் இறந்தார்கள். 2002 மே 26 அன்று ஓக்லஹோமாவின் வெப்பர்ஸ் ஃபால்ஸில், ‘ராபர்ட் ஒய். லவ்’ படகின் கேப்டன் சுக்கானில் நினைவிழந்தார். இரண்டு காலிப் பார்ஜுகள் நெடுஞ்சாலைப் பாலத்தின் தூணைத் தகர்த்தன. 14 பேர் ஆற்றில் மடிந்தார்கள். இவ்விரு விபத்துகளுக்கும் களைப்பே காரணம் என்று விசாரணைகள் சொல்லவில்லை. முதலாவதில் ராடாரைப் பயன்படுத்தும் திறன் இல்லாமை, இரண்டாவதில் எதிர்பாராத உடல்நலக் கேடு. இவ்வமைப்பும் அவற்றைக் களைப்பின் கணக்கில் எழுதவில்லை. அவை காட்டுவது ஒருவர் தன்னிலை இழக்கும் சில நிமிடங்களின் விலையை. தன்னிலை இழக்க உறக்கமின்மை போதும்.

2008 ஜூலை 23 அன்று நள்ளிரவு தாண்டி நியூ ஆர்லியன்ஸில், ‘மெல் ஆலிவர்’ என்ற தள்ளுபடகு கொண்டுசென்ற எண்ணெய்ப் பார்ஜ் ஒரு டேங்கர் கப்பலின் முன் குறுக்கிட்டுப் பிளந்தது. சுமார் 2,80,000 காலன் எரியெண்ணெய் மிசிசிப்பியில் கலந்தது. உரிமம் பெற்ற கேப்டன் அப்போது படகிலேயே இல்லை. பயிற்சி நிலை உரிமம் மட்டுமே வைத்திருந்தவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சுக்கான் பிடிக்க ஒரே ஆள் இருக்கும் படகில் 12 மணி நேர வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும். ஆகவே பணிநேர விதியோடு, அதை மெய்ப்பிக்கும் பதிவேடும் கட்டாயமாக வேண்டும்.

படகு உரிமையாளர்கள் எழுப்பும் மறுப்புகள் கவனத்துக்கு உரியவை. துண்டுபட்ட உறக்கமும், மொத்தம் ஏழெட்டு மணி நேரம் எட்டினால், உடலைத் தாங்கும் என்கிறார்கள். உறக்க ஆய்வில் இதற்கு ஓரளவு ஆதரவு உண்டு. ஆனால் மொத்தம் அந்த அளவை எட்டுகிறது என்பதற்கு ஆறுக்கு ஆறு முறையில் எந்த உத்தரவாதமும் இல்லை. எட்டாத நாள்களில் அது யாருக்கும் தெரியாமலே போகிறது. பைலட்டுகள் கிடைப்பதில்லை என்பது இரண்டாவது மறுப்பு. அது உண்மையே. பல வாரம் வீட்டைப் பிரிந்து அரைகுறையாக உறங்கும் வேலைக்கு இளைஞர்கள் தயங்குவதும் அந்தத் தட்டுப்பாட்டில் சேர்ந்திருக்கிறது.

செலவு பற்றிய மறுப்புக்குப் பதில், முதல் படிக்குக் கூடுதல் ஆளே தேவையில்லை என்பது. ஏழு-ஏழு-ஐந்து-ஐந்து என்ற முறையில் இருவரும் நாளுக்கு அதே 12 மணி நேரம்தான் உழைக்கிறார்கள். ஓய்வில் ஒன்று ஏழு மணி நேரமாக நீள்கிறது. கடலோரக் காவல்படை உருவாக்கிய பணியாளர் தாங்குதிறன் திட்டத்தின் வழியே இத்தகைய மாற்றங்கள் நதிகளில் ஏற்கெனவே அறிமுகமானவை. எட்டு-எட்டு-நான்கு-நான்கு என்றால் இருவரைக் கொண்டே எட்டு மணி நேரத் தொடர் ஓய்வு கிடைத்துவிடும். எட்டு மணி நேரம் தொடர்ந்து சுக்கானில் இருப்பது பெரிய தொடர்களில் தானே ஒரு சுமையாகும். எனவே கீழ் மிசிசிப்பியில் இடைவிடாமல் ஓடும் பெருந்தொடர்களுக்கு மூன்றாவது உரிமம் பெற்றவர் வேண்டும். நான்கு மணி வேலை, எட்டு மணி ஓய்வு என்ற கடல் முறை அங்கே பொருந்தும். சிறு படகுகளுக்கு மூன்றாமவரை இவ்வமைப்பு கோரவில்லை. மாற்றத்துக்குக் கால அவகாசம் தேவை என்பதையும் ஏற்கிறது. ஆய்வுச் சான்றிதழுக்குத் தரப்பட்டதுபோல ஆண்டுவாரியாகக் கட்டங்கள் வகுக்கலாம்.

பெரிய படகுகளில் சுக்கான் அறையில் தனித்திருப்பவர் அசைவின்றி இருந்தால் ஒலியெழுப்பும் கருவியை சப்சாப்டர் எம் கோருகிறது. அது இருக்கட்டும். உறங்கிப்போனவரை எழுப்புவதே அதன் வேலை. விழிப்போடு இருக்க வைக்க அதனால் ஆகாது.

தளப்பணியாளரின் ஓய்வும் இதே விதியில் இடம்பெற வேண்டும். மேல் மிசிசிப்பியின் பெரும்பாலான நீர்ப்பூட்டுகள் 600 அடி நீளமே உடையவை. 15 பார்ஜ் தொடரை இரண்டாக வெட்டி, பாதியை முதலில் கடத்தி, மீதியைக் கொண்டுவந்து மீண்டும் கட்ட ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த வடங்களை இழுப்பவர்களும் வழுக்கும் விளிம்பில் நடப்பவர்களும் இவர்கள்தான். நீரில் விழுந்து இறப்பதே இத்தொழிலில் உயிர்ச்சேதத்தின் முதன்மைக் காரணம். ஓய்வு முறையில் உறங்குபவரை நீர்ப்பூட்டு வேலைக்கு எழுப்பினால், அந்த நேரம் பதிவாக வேண்டும். இழந்த ஓய்வு அதே 24 மணி நேரத்துக்குள் ஈடுசெய்யப்பட வேண்டும். அது இயலாவிட்டால் தொடரைக் கரையோரம் கட்டி நிறுத்தும் அதிகாரம் கேப்டனுக்கு இருக்க வேண்டும், அதற்காக நிறுவனம் அவரைத் தண்டிக்க முடியாது என்ற சட்டக் காப்போடு.